பதினோரு முறை இழுத்த மெயின்

செவ்வாய், இரவு

எங்கள் அம்பத்தூர் பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும் ஏழுமலை அண்ணன் மெயின் சுவிட்சை இழுத்து அணைப்பார். பிறகு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளம்புவார். அந்த நேரத்தில் மெஷினில் இருக்கும் சின்னக் கணினி மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு பாதியில் அறுந்துபோகும். காலையில் திரை கறுப்பாகவே நிற்கும். இந்த மாதம் மூன்று முறை நின்றது. பழி அவர் மேல் விழுந்து, மெமோ வரை போய்விட்டது. 'கணினியை அணைக்காமல் மெயினைத் தொடாதே' என்று மெஷினில் எழுதி ஒட்டியவள், அதன் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் நான்தான்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மென்பொருள் மொத்தத்தையும் சுருக்கி ஒரே கோப்பாக்கினேன். கணினி அதைப் படிக்கலாம். அதில் ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது. எழுதவே முடியாத இடத்தில் அறுந்துபோக என்ன இருக்கிறது?

இன்று மேனேஜர் எதிரிலேயே, "அண்ணே, இழுங்க" என்றேன்.

"இன்னாம்மா, இன்னொரு மெமோ வாங்கிக் குடுக்கப் போறியா?"

"கெட்டா மெமோ என் பேர்ல."

பதினோரு முறை இழுத்தார். பதினோரு முறையும் திரை எழுந்து வந்தது. மேனேஜரே அந்த மெமோவைக் கிழித்தார். என் நோட்டீசை நானே உரித்தேன்.

தினசரி உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும், அந்த இடம் அறுந்தால்... இன்றைக்கு அதை நினைக்கப் போவதில்லை.

ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் மெயின் பக்கம் போனார். "பன்னெண்டாவது, எனக்கோசரம் ஒரு தபா" என்று இழுத்தார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினார்.