ஸிப்புக்குள் இருந்த நாற்பத்தெட்டுப் பெயர்கள்

இன்று காலை சூலியா தெருக் கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் உன் மீன்கள் வந்து நின்றன. யாரோ அனுப்பிய ஸிப் கோப்பைப் பிரித்தேன். படங்களின் தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மீன் போன்ற α குறிகளும் கிறுக்கல்களும். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், தோழி.

நாம் இருவரும் சேர்ந்து அச்சுக்கடை போட்ட முதல் வருடம் அது. தாசேக் கெலுகோர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று, பரிசளிப்பு விழாச் சான்றிதழ்களுக்காக நாற்பத்தெட்டுப் பிள்ளைகளின் படங்களை ஒரே ஸிப்பில் அனுப்பியிருந்தது. படத்தின் பெயர்தான் பிள்ளையின் பெயர். வேறு பட்டியல் கிடையாது. மறுநாள் விழா. பிரித்துப் பார்த்தால் ஒரு பெயரும் இல்லை. அனுப்பிய ஆசிரியையோ போனை எடுக்கவில்லை.

"அலாமா! கோப்பு கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சிடுறேன். வேலை வேணாம்னு சொல்லிடுவோம்" என்றேன். அழிக்கப் போன என் கையை நீ பிடித்துக்கொண்டாய்.

"இரு லா. இது கன்னாபின்னான்னு இல்ல. ஒரு மீனு, ரெண்டு கிறுக்கல். மறுபடி ஒரு மீனு, ரெண்டு கிறுக்கல். ஒழுங்கா வருது பாரு."

யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்படுவது உனக்குத் தெரிந்திருந்தது; அந்த மூன்றுதான் ஒரு மீனும் இரண்டு கிறுக்கலும். பள்ளியில் இருந்த பழைய மென்பொருள் பெயர்களைச் சரியாகவே எழுதியிருந்தது. இன்ன முறையில் எழுதினேன் என்ற குறிப்பை மட்டும் வைக்கவில்லை. நம் கணினி பழைய ஆங்கில முறையில் வாசித்துவிட்டது.

"பேரெல்லாம் பத்திரமா உள்ளே இருக்குடீ. நம்ம மெஷினுக்குத்தான் படிக்கத் தெரியல."

வேறொரு மென்பொருளை இறக்கி, எழுத்துமுறை கேட்ட இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துப் பிரித்தாய். முதலில் கவிதா வந்தாள். பிறகு சூசையம்மாள், நூருல் ஹுதா என்று வரிசையாக வந்தார்கள். நீ ஒவ்வொரு பெயராக உரக்க வாசிக்க, நான் குரலை மாற்றி மாற்றி "உள்ளேன் டீச்சர்" என்றேன். பக்கத்து நாணயமாற்றுக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்றார்.

மறுநாள் சான்றிதழ்களை எடுத்துப் போன விழாவில், பரமேஸ்வரி என்ற குட்டிப்பெண் சான்றிதழில் தன் நீளப் பெயரை விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்காங்கம்மா" என்றாள். உன் கண் கலங்கியது. அன்று மட்டும் நான் உன்னைக் கேலி செய்யவில்லை.

நீ கண்மூடி மூன்று வருடமாகிறது. எதையாவது அழிக்கும் முன் என் கை இன்னும் தானாக நின்றுவிடுகிறது. "எல்லாம் போச்சுக்கா" என்று பதறி வருபவரை உட்கார வைத்து, இரண்டு தே ஓ, பால் கலக்காத தேநீர், கொண்டுவரச் சொல்கிறேன். தே வருவதற்குள் பெரும்பாலும் பெயர்கள் வந்துவிடுகின்றன.