பெட்டியின் நாலாவது காது

வளப்பூர் நாடு
விய வருஷம், ஆவணி 24

கொழும்பில் இருக்கும் மகன் அர்த்தனாரிக்கு அப்பன் மாரப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. நானும் உன் ஆத்தாளும் நடமாட்டமாக இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டுமாவது தெரியப்படுத்து. இங்கே மழை பரவாயில்லை, சாமை முழங்கால் உயரம் நிற்கிறது, பலாமரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது.

உன் கடிதம் ஆடி இருபதில் வந்தது. ஏழெட்டுத் தடவை படித்தேன். சண்டை முடிந்து பட்டாளத்தார் விட்டுப்போன பாட்டரி வண்டியை, சரக்கு அடுக்கும் உங்கள் கிட்டங்கி முதலாளி ஏலத்தில் எடுத்ததும், அது இரண்டு இரும்புக் கைகளை நீட்டித் தேயிலைப் பெட்டிகளைத் தூக்குவதும் நீ முன்பே எழுதியதுதான். பாட்டரி பழசாகி, காலையில் ஓடினால் மத்தியானம் நின்றுவிடுகிறது என்று புதுசு வரவழைத்தார்களாம். பழையதைக் கழற்றும்போதுதான் இப்படி ஆகிவிட்டது. பத்து மூட்டை நெல் கனம் உள்ள அந்தப் பாட்டரிப் பெட்டிக்குச் சங்கிலி மாட்ட மூலைக்கு ஒன்றாக நாலு காது. நாலாவது காதைத் திராவகம் அரித்துத் தின்றிருந்ததை நீ காலையிலேயே பார்த்திருக்கிறாய். ஒரு தடவை தூக்கத்தானே, தாங்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீ சங்கிலி இழுக்க, பெருமாயி மகன் சின்னராசு பெட்டியை நேராகப் பிடித்து நிற்க, காது பிய்ந்து பெட்டி அவன் மேலேயே சாய்ந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டான். இத்தனையும் எழுதிவிட்டு, பெருமாயி அத்தையிடம் காது விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள் அப்பா என்று அடியில் எழுதியிருந்தாய்.

தபால்காரன் வந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, அன்று சாயங்காலமே ஓடையைத் தாண்டி வந்துவிட்டாள். சின்னராசுக்கு எழுத்துத் தெரியாது, அவன் சேதியை உன் கடிதத்திலேயே நீ எழுதுவதும் அதை நான் அவளுக்குப் படித்துச் சொல்வதும் இரண்டு வருஷப் பழக்கம் அல்லவா. வாசலில் நின்றபடியே, ஏனுங்கண்ணா, எம் பையன் என்ன சொல்லியிருக்கறான் என்று கேட்டாள். காகிதம் என் கையில் இருந்தது. சுகமாக இருக்கிறானாம், தைக்கு வருகிறானாம் என்று படித்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை கண்ணு. அவள் சிரித்துக்கொண்டே போனாள். மகன் வருகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி, கூரை மாற்றப் புல் அறுத்துக் கட்டு கட்டாக அடுக்கினாள். ஆறு நாள் நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏழாம் நாள் அவளே கூரை மேல் ஏறிப் பழைய புல்லைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து உன் ஆத்தாள், நீங்க போறீங்களா, நான் போகட்டுங்களா என்று அழுதாள். நான்தான் போனேன். எறங்கி வா அம்மிணி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எறங்குனா நீங்க சொல்லிப்போடுவீங்கண்ணா என்று கூரை முகட்டு மூங்கிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏணியைப் பிடித்தபடி கீழே நின்றேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் இறங்கினாள்.

சின்னராசுக்குக் காரியம் முடிந்த மறுநாள், சங்கிலி எப்புடிங்கண்ணா அந்துது, அர்த்தனாரி பக்கத்துலதான இருந்தான் என்று கேட்டாள். ஒரு தடவை அவளிடம் பொய் சொல்லி, அவள் வீடு கூரையில்லாமல் திறந்து கிடக்கிறது. இன்னொரு பொய் என்னால் ஆகவில்லை. அறுந்தது சங்கிலி இல்லை, பெட்டியின் காது, அது இற்றுப்போயிருந்தது என் மகனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதை அப்பன் செய்யவில்லை, பொறுத்துக்கொள். பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்துட்டீங்களே என்ற ஒரு வார்த்தையோடு உன் ஆத்தாள் என்னிடம் பேச்சை விட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பெருமாயி வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கூரையாவது வேய்ந்து கொடுப்போம் என்று ஆளோடு போனேன். வேண்டாங்க, மழ நனைக்கட்டும் என்று ஏணியை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டாள்.

நேற்று அவளாகவே வந்தாள். உட்காரவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன மன்னிச்சுட்டேன்னு எழுதிப்போடாதீங்கண்ணா, எனக்கு அது வரல. ஆனா அந்த மூணு நாளும் எம் பையன் பக்கத்துல அவன்தான் இருந்திருக்கறான். தண்ணி கேட்டானா, வலிக்குதுன்னு கத்துனானா, என்னையக் கூப்புட்டானா, ஒண்ணு விடாம அவன் கையாலயே எனக்கு எழுதச் சொல்லுங்க, நல்லதா மாத்தி எழுத வேண்டாம் என்றாள். சரி அம்மிணி, வந்ததும் படித்துச் சொல்கிறேன் என்றேன். நீங்க வேண்டாங்க, செம்மேட்டுல வேற ஆளு கிட்டக் குடுத்துப் படிச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எழுதி அனுப்பு சாமி. எனக்கு எழுதும் கடிதத்துக்குள் வைக்காமல் அவள் பெயருக்குத் தனியாகப் போடு. கிட்டங்கியில் இன்னொரு பழைய வண்டிக்கும் பாட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நாலு காதையும் நீயே சுரண்டிப் பார்த்துவிடு. இற்றிருந்தால் முதலாளி முன்னால் வாய் திறந்து சொல், வேலை போனாலும் போகட்டும். பெட்டி அந்தரத்தில் இருக்கும்போது கிட்டத்தில் யாரையும் நிற்க விடாதே.

இதை மடிக்கப்போகும்போது உன் ஆத்தாள் வந்து பக்கத்தில் நின்றாள். ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். வெறும் வயித்தோட வேலைக்குப் போக வேண்டாம்னு எழுதுங்க என்றாள். அறப்பளீஸ்வரர் உன்னைக் காக்கட்டும். அத்தைக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பன்
மாரப்பன்