பிராந்தி பாட்டிலில் வந்த கடல்

"கடலு எந்தப் பக்கம் ஓடும் டீச்சரம்மா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் அஞ்சலை. திண்டிவனத்தில் நம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுமந்தவள். கேட்டபோது அவள் இடுப்பில் குடம் இருந்தது, என் கையில் சாக்பீஸ் இருந்தது. நீ அடுத்த வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய்.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் அலமாரியைக் காலி செய்யும்போது அடித்தட்டில் ஒரு பிராந்தி பாட்டில் கிடைத்ததாம், பழைய துணியில் சுற்றி. "அம்மா இதெல்லாம் தொட்டு நான் பார்த்ததே இல்லையே சித்தி, எதுக்கு வச்சிருந்தாங்க?" என்று சிரித்தாள். தக்கையைப் பிடுங்கிக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தது. நாக்கில் வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கரித்தது. அவளிடம் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதற்கு முன் உனக்கு எழுதுகிறேன்.

அது முப்பதுகளின் கடைசி, உலகச் சண்டை வருவதற்கு முன். நீயும் நானும் ஒன்றாகப் பயிற்சி முடித்து ஒரே பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் படத்தை மாட்டி ஆறுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாலாறு, தென்பெண்ணை எல்லாம் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன என்று சொல்லி முடிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து அஞ்சலை அதைக் கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் தெரியாது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் கடலின் ஆழம் இருந்தது, உப்பு இருந்தது, ஓட்டம் இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுவும் கிழக்கேதான் அஞ்சலை," என்றேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்கு உதாரணம் சொல்லாவிட்டால் சோறு இறங்காதே. "நம்ம ஏரி ரொம்பினா கலங்கல் வழியா கீழண்ட ஏரிக்குப் போவுதில்ல? அந்த மாதிரி, தண்ணி போய்க்கினே இருக்கும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உதாரணம் நன்றாக இருந்ததால் பொய்யும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அவள் புருஷன் பினாங்குத் தோட்டத்துக்குக் கப்பலேறி நாலு வருஷம். முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு இல்லை. வாரம் தவறாமல் தபாலாபீஸ் போய் நிற்பாள். அவள் திடீரென்று போவதை நிறுத்தியதைக் கவனித்தவள் நீதான். கிணற்றடியில் அவளைப் பிடித்துக் கேட்டாய். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இனிமே எதுக்கும்மா போவணும்? டீச்சரே சொல்லிட்டாங்களே, கடலு கெழக்கால ஓடுதுன்னு. ஆத்துல அடிச்சிக்கினு போன மரம் எதுத்துக்கினு வருதா? எங்க அண்ணன் ரெண்டு வருசமா கருமாதி பண்ணிடலாம்னு சொல்லிக்கினு இருக்குது. நான்தான் ஒத்துக்கல. இப்ப சரின்னுட்டேன். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டு, இத கழட்டிடணும்." கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது. அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"தெரியாதுன்னு சொன்னா உன் வாய் வெந்துடுமா? ஒருத்தி தாலிய கழட்டப் போறாடி. கடல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு உனக்கு மெய்யாலுமே தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. சனிக்கிழம பாண்டிச்சேரி போறோம்."

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறியது நினைவிருக்கிறதா? அங்கே காகிதப் பொட்டலத்தில் வறுத்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை, வாங்கினாய். நான் ஒன்றை உரித்ததற்குக் கையைத் தட்டிவிட்டாய், மத்தியானத்துக்கு வேண்டும் என்று. புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கியதும் நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். "இன்னாடி, நாம போறதுக்குள்ள வத்திடுமா? மெதுவா நட," என்றாய். கோடு போட்டதுபோல நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர். நம் ஊரிலிருந்து இருபத்துச் சொச்சம் மைலில் வேறொரு ராஜாங்கம், பிரெஞ்சுக்காரருடையது. வாய்க்காலைத் தாண்டியதும் தெருக்கோடியில் நீலமாக ஒரு சுவர் நின்றது. சுவருக்கு இவ்வளவு உயரமா என்று நான் நினைத்தேன். அந்தச் சுவர் அசைந்தது. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்தில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை அடுக்கியிருந்தது. நம் பக்கத்துக் காட்டில் விளைந்தது சீமைக்குப் போக நின்றது. தூரத்தில் கப்பல். மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகும் பெரியவர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ நேரே போய்க் கேட்டுவிட்டாய்.

"ஐயா, கடல் எந்தப் பக்கம் ஓடும்?"

"யாரும்மா நீங்க?"

"டீச்சருங்க. திண்டிவனம்."

"டீச்சரா! இத்த கேக்கவா ரயில் ஏறி வந்தீங்க?" பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டார். "டேய், இங்க வாங்கடா, பள்ளிக்கூடமே பாடம் கேக்க வந்துக்கிது!" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு அவர் உன் கைப்பொட்டலத்தைப் பார்த்தார். "அதுல ஒரு கை அள்ளி தண்ணியில போடு. உரிக்காத, அப்டியே போடு."

நீ போட்டாய். மல்லாட்டைகள் மிதந்தன. அலை அவற்றைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கொஞ்ச நேரம் போனால் போகிறது, வந்தால் வருகிறது என்றுதான் இருந்தது. அப்புறம் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கமாக, வடக்கே, வரிசை பிடித்ததுபோல நகர்ந்திருந்தன. கிழக்கே ஒன்றுகூடப் போகவில்லை.

"இப்ப வடக்கால இழுக்குது. ஐப்பசி பொறந்தா இதே மல்லாட்ட தெக்கால போவும். வருசத்துல ரெண்டு பக்கமும் ஓடும்மா கடலு."

"கிழக்கே போன கப்பல் திரும்பி வருமாங்க? பினாங்குக் கப்பல்?" என்று கேட்டேன்.

"வராம? போன கப்பலு அங்கியே ஊடு கட்டிக் குடி இருக்குமா? நாகப்பட்டணத்துக்கு வந்துக்கினுதான் இருக்குது. ஆளுங்களும் எறங்கிக்கினுதான் இருக்காங்க." அவர் பீடியை அணைத்தார். "யாரோ வரலன்னு கேக்குறீங்க. வரலன்னா அதுக்குக் கடலு மேல பழி போடாதீங்க."

சந்தைத் தெருவில் காலி பாட்டில் விற்பவளிடம் ஒன்று வாங்கினாய். கடல் தண்ணீரை முகந்து தக்கை அடைத்தாய். லேபிளைக் கிழிக்க வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. திரும்பும்போது எல்லையில் வண்டியை நிறுத்திச் சுங்கச் சிப்பாய் ஏறினார்.

"பையில இன்னா?"

"கடல் தண்ணி சார்."

அவர் பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம் கழுத்திலிருந்த ஜெபமாலையையும் பார்த்தார். "ஏம்மா, என் காதுல பூவா இருக்குது?" தக்கையைப் பிடுங்கி மோந்தார். அதில் பழைய பிராந்தி வாசனை அடித்தது. ஒரு மடக்கு நன்றாகவே குடித்துவிட்டார். பெட்டி முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே இருந்தார், பாவம்.

"சொன்னனே சார்," என்றாய் நீ. மீதித் தண்ணீரைக் கொட்டாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

விழுப்புரம் வரும்வரை சிரித்தோம். அதன்பிறகு நான்தான் ஆரம்பித்தேன். "ரெண்டு பக்கமும் ஓடுதுன்னு மட்டும் சொல்லிடலாம். கப்பல் வந்துக்கினுதான் இருக்குங்கறத சொல்ல வேணாம். அப்ப அவன் ஏன் வரலன்னு யோசிப்பா. தாங்க மாட்டா."

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாய். "முன்ன தெரியாம முழுசா சொன்ன. இப்ப தெரிஞ்சுக்கினு பாதி சொல்லப் போறியா?"

மறுநாள் பூசை முடிந்ததும் அஞ்சலை வீட்டுக்குப் போனோம். அவள் அண்ணன் வண்டிக்கு அச்சு போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். தங்கை தனியாக நிற்கிறாளே, இன்னொரு இடத்தில் கட்டிக்கொடுத்துவிடலாம் என்கிற கவலை அவருக்கு.

"இது எங்க ஊட்டு சமாச்சாரம் டீச்சர்," என்றார்.

"தப்பா சொன்னது எங்க பள்ளிக்கூடம்ணே. அத சரி பண்ணிட்டுப் போயிடுறோம்," என்றாய். பிறகு ஓரமாகப் போய் நின்றுகொண்டாய். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அன்றைக்கு உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது! இப்போது நினைத்தால், அந்த இடத்தில் நீ பேசியிருந்தால் நான் கடைசிவரை பேசக் கற்றிருக்கமாட்டேன்.

"அஞ்சலை, நான் அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன். அது தப்பு," என்று தொடங்கி, மல்லாட்டை, வடக்கு, தெற்கு, நாகப்பட்டணத்துக் கப்பல் எல்லாம் சொன்னேன். அவள் பாட்டிலில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"இம்மாங் கரிப்பா?" என்றாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அப்ப தண்ணி தடுக்கல."

"தடுக்கல."

"கப்பலும் வருது."

"வருது."

நான் பயந்ததுபோல அவள் உடைந்துபோகவில்லை. அண்ணனைப் பார்த்தாள். "கருமாதி வேணாண்ணா. செத்துட்டான்னு யாரு பாத்தது? வராதவனுக்கா எள்ளு எறைப்பாங்க?"

"எத்தினி நாளு இப்டியே இருப்ப?"

"கடலு ரெண்டு பக்கமும் ஒருவாட்டி ஓடட்டும். அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

அந்த வருஷம் முழுவதும் மறுபடி தபாலாபீஸ் போனாள். மறு ஆடியில் ஒரு நாள், கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நம் இருவரையும் கூப்பிட்டாள். "ரெண்டு பக்கமும் ஓடிடுச்சு டீச்சரம்மா," என்றாள். கழுத்தில் கயிறு இல்லை. தலையில் பூ இருந்தது, கையில் வளையல் இருந்தது. யாரும் அழாமல், யாரும் அறுக்காமல், அவளே கழற்றியிருந்தாள்.  நீ அவள் கையிலிருந்த கிணற்றுக் கயிற்றை வாங்கி, அன்றைக்கு வகுப்புக்கு வேண்டிய தண்ணீரை நீயே சேந்தி ஊற்றினாய்.

அப்புறம் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் பார்த்த ஆள் இல்லை, அவளே பார்த்த ஆள். சண்டை வந்தது, கப்பல்கள் நின்றன, மறுபடி ஓடின. போனவனைப் பற்றி ஒரு சேதியும் கடைசிவரை வரவில்லை.

அந்த மீதித் தண்ணீரை நீ வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் ஒருமுறைகூட அதைக் காட்டிக் குத்தியதில்லை. உன் மகளுக்கு நாளை இதையெல்லாம் சொல்லப்போகிறேன். உப்பை மறுபடி பாட்டிலிலேயே போட்டு மூடிவிட்டேன்.

அஞ்சலை விஷயத்துக்குப் பிறகு முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். உதாரணம் சொல்லும் பழக்கம் போகவில்லை. ஆனால் வாய் திறக்கும் முன், ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் குடத்தோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒரு பார்வைதான்.

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்றே ஒன்று. இன்றைக்கு உங்களிடம் யாராவது உங்களுக்குத் தெரியாத எதையாவது கேட்பார்கள். "தெரியாது, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, போய்ப் பாருங்கள்.