வைக்கோல் நிறத்துல ஒரு பூண்டுக் குழம்பு

வியாசர்பாடி
12.8.2001

அன்பு மகள் செங்கொடிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் நல்லா கீறோம். துபாய்ல நீ, பேத்தி, உன் வூட்டுக்காரரு மூணு பேரும் சொகமா கீறீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு சோறு எறங்கும். அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு பேத்தி போட்டோவ சட்டைப் பாக்கெட்டுல வெச்சிக்கினு போயி கண்டவன்கிட்ட எல்லாம் காட்டிக்கினு கீறாரு.

பால் ஊறல, டப்பா பால் குடுக்கச் சொல்லிட்டாங்கன்னு போன மாசம் நீ போன்ல அழுததுலேர்ந்து எனக்கு ஒரு வேல ஓடல. பாஸ்போர்ட்டு இன்னும் கைக்கு வரல, புள்ள பெத்தவளுக்கு பூண்டுக் குழம்பு வெச்சிக் குடுக்க ஆளு இல்லியேன்னு புலம்பிக்கினு கெடந்தேன். நேத்து உன் லெட்டர் வந்துது. பக்கத்து ரூம் மரியம் அக்கா பத்து நாளா பூண்டுக் குழம்பு குடுத்தனுப்புது, பால் நல்லா ஊறுது, டப்பாவ நிறுத்தியாச்சின்னு எழுதிகீற. அடி பைத்தியமே, அது மரியமும் இல்ல ஒருத்தரும் இல்ல. மரியம் பேர சொல்லி வெச்சிக் குடுத்தது உன் வூட்டுக்காரரு.

எங்கம்மாகிட்ட போயி நிக்காதன்னு நீ அவருகிட்ட சத்தியம் வாங்கினியாமே. அதான் உனக்குத் தெரியாம தெருமொன பஷீர் பாய் பூத்துக்கு போன் போட்டு என்னக் கூப்புட்டாரு. தாமஸ் பேசறேன்னதும் டொக்குனு வெச்சிட்டேன். மறுபடியும் அடிச்சாரு. திட்றதுன்னா அப்பறம் திட்டுங்க அத்த, இப்ப குழம்ப மட்டும் சொல்லுங்கன்னாரு. மொளகு, சீரகம், தனியா, கருவேப்பில வறுத்து அரைக்கணும், நல்லெண்ணெய்ல பூண்ட முழுசா போட்டு சின்ன தீயில வதக்கணும், புளி பேருக்குன்னு கடகடன்னு ஒப்பிச்சேன்.

தோஸ்துங்க ரூம்ல வெச்சிப் பாத்துகீறாரு. மூணு நாளும் பூண்டு கருகி ஒரே கசப்பு. கப்பல் பட்டறையில வெல்டிங் அடிக்கறவருக்கு சின்ன தீய பத்தி இன்னா தெரியும்? கருகினத கொட்டாம தானே தின்னுட்டு வேலைக்குப் போயிகீறாரு. நாலாம் நாள் போன் போட்டு பூண்டு எந்த நெறத்துக்கு வரணும்னாரு. செவக்கணும்னேன். செவக்கறதுன்னா எவ்ளோன்னாரு, செவக்கறதுன்னா செவக்கறதுதான்னேன். அப்ப கேட்டாரு பாரு, "இரும்பு சூடேறச்சே மொதல்ல வைக்கோல் நெறம் வரும், அப்பறம் தவுட்டு நெறம், அப்பறம் நீலம். எதுல நிறுத்தணும் அத்த?" "வைக்கோல்ல நிறுத்து நைனா"ன்னேன். முப்பது வருஷமா நான் இந்தக் குழம்ப வெக்கறேன், இப்பிடிச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. இன்னா மூள, இன்னா பொறுமை! என் வூட்ல பொறந்த ஆம்பளைங்க ஒருத்தனும் இப்பிடி அடுப்புகிட்ட நின்னதில்ல.

சொல்லாதீங்கன்னு சொன்னாரு, நான் சொல்லிட்டேன். சத்தியத்த மீறிட்டாருன்னு அவர ஒண்ணும் கேக்காத. வேற மதத்துக்காரன்னு ரெண்டு வருஷமா அவரோட ஒரு வார்த்த பேசாதவ நான். வாய தொறக்க வேண்டியதும் நான்தான். அதுக்கு முன்னால அவரு எறங்கி வந்துட்டாரு. எனக்கு வெக்கமா கீது கண்ணு.

பச்சத்தண்ணி குடிக்காத, வயித்துல துணி கட்டிக்க. குழந்தைய எண்ண தேச்சி வெயில்ல காட்டு. நீங்க மூணு பேரும் ஒரு கொறையும் இல்லாம நூறு வருஷம் வாழணும். வர்ற 24ஆம் தேதி வெள்ளிக்கிழம, அவருக்கு லீவு நாளு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாய் பூத்துல உக்காந்திருப்பேன், மறக்காம போன் போடு. நீ பேச வேணாம், போனை மாப்ளகிட்ட குடு. நான் அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா, தாமஸுக்கு அத்தை,
பட்டம்மாள்