ஒரே நம்பரில் மூன்று மெசின்

12.10.2010, செவ்வாய்
மோடம் பார்க்க வந்த தமிழ்மாறன் ஒரு கதையை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். உலகம் பூராவும் இன்டர்நெட் லைனுக்குக் கொடுக்கிற நம்பர் தீரப்போகுதாம், புதுசாக நீள நீளமான நம்பர் வருதாம். நம்பர் எப்படிய்யா தீரும்? மோடம் விற்க வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். "இப்பத்திக்கு எதையும் மாத்த வேணாம் சார். பழசும் புதுசும் பல வருசம் சேந்தேதேன் ஓடும்" என்கிறார். விற்காத ஆள் எதற்கு இவ்வளவு விளக்கணும்? அங்கனதான் இடிக்குது.

ஒன்று மட்டும் புரிந்தது. என் கம்ப்யூட்டர், மகள் முத்துலட்சுமியின் லேப்டாப், சுவர் மேலே வயர் இழுத்துக் கொடுத்திருக்கிற பக்கத்து வீட்டு உமர் பாருக்கின் மெசின் - மூன்றும் வெளியே போவது ஒரே நம்பரில். புதுசு வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பராம். அதுவரைக்கும் என் லைனில் எவன் என்ன செய்கிறானோ! மோடத்தின் நம்பர் அடிக்கடி மாறுமாம்; தினமும் அதை இந்த நோட்டு ஓரத்தில் குறித்துவைக்கப் போகிறேன்.

26.10.2010
போடியிலிருந்து சம்பந்தி ஆகப்போகிற சீனிச்சாமி போன் பண்ணினார். அவர் வீட்டுக்கு மெயிலில் மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. என்ன எழுதியிருக்கு என்று கேட்டால், "நேர்ல பேசுவோம்" என்கிறார். சின்ன மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி, எந்த நம்பரிலிருந்து வந்தது என்று தோண்டி எடுத்துவிட்டானாம். நம்பரையும் மெயில் வந்த தேதியையும் வாசித்தார்.

நோட்டைப் புரட்டினேன். இருபத்து மூன்றாம் தேதி ஓரத்தில் அதே நம்பர். என் வீட்டு நம்பர்! முத்துலட்சுமிக்குக் கைகூடி வந்த சம்பந்தம்.

27.10.2010
வேற யாரு? பக்கத்து வீட்டு பாய்தான். போன மாசம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாரே! கட்டிங் பிளேயரை எடுத்து வயரை நறுக்கிவிட்டேன். "என்னண்ணே, வயரை அத்துட்டீக?" என்று வந்து நின்றார். "ஏன்னு ஒங்களுக்கே தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். முத்துலட்சுமி அழுகிறாள், "பாவம்ப்பா அவுக" என்று. இவளுக்கு ஊரே நல்லவர்கள்தான்.

28.10.2010
ராஜாத்தி சோற்றை நங்கென்று வைத்துவிட்டுப் பாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்டாட்டியும் அந்தப் பக்கம்தானா?

2.11.2010
பாய் சம்சாரம் சமீனா வந்து ரிப்பேர் கடைச் சீட்டு ஒன்றை நீட்டிவிட்டுப் போனது. அவர்கள் மெசின் போன மாசம் பதினைந்தாம் தேதியிலிருந்து தேனியில் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. அப்படியென்றால்...?

தமிழ்மாறனுக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள் எந்த மெசினிலிருந்து மெயில் போனது என்று சொல்ல முடியுமா? "இப்ப உள்ள நம்பர்ல வாசல் வரைக்குந்தேன் சார் தெரியும். புதுசு வந்தாலும், உள்ளுக்குள்ள மெசின் தன் நம்பரை அப்பப்ப மாத்திக்கிரும்." போய்யா நீயும் ஒன் நம்பரும்.

மிச்சம் இரண்டு மெசின். ஒன்று என்னுடையது.

3.11.2010
முத்துலட்சுமியைக் கேட்டேன். "நாந்தேம்ப்பா" என்றாள், கண்ணை நேராகப் பார்த்து. எழுதியதையும் காட்டினாள். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பெண்ணின் அப்பா சந்தேகப் பேர்வழி, மகள் போனை நோண்டுவார், மாப்பிள்ளையையும் நிம்மதியாக விடமாட்டார், அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள் - இதுதான்.

"பின்னால தெரிஞ்சு என்னைய ஏசுறதுக்கு, முன்னாலயே தெரிஞ்சுக்கிறட்டும்னு எழுதுனேன். எம் பேரப் போட்டா நீங்க என்னையக் கொன்னே போட்டுருப்பீக."

கையை ஓங்கிவிட்டேன். ராஜாத்தி குறுக்கே வந்து, "அவ எழுதுனதுல எது பொய்யி? சொல்லுங்க" என்றாள்.

ஓங்கிய கையை இறக்கிவிட்டேன்.

4.11.2010
பாய் வீட்டுக்குப் போனேன். தப்புதான் என்று சொல்லிப் புது வயர் இழுத்துக் கொடுத்தேன். "டீ குடிங்கண்ணே" என்று டம்ளரை நீட்டினார். நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலை.

28.11.2010, ஞாயிறு
போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தாக. சீனிச்சாமி என்னைத் தனியே கூப்பிட்டு, "எவன் எழுதுனான்னு கண்டுபிடிச்சீகளா?" என்றார்.

"அது கெடக்கட்டும். எழுதுனது நெசந்தேன்" என்றேன்.

"நீங்களே ஒத்துக்கிட்டீகளே, அது போதும்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, கல்யாணத்துக்குத் தையில் நாள் பார்க்கச் சொன்னார்.