கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கிறாளே அந்தத் தையல்காரத் தோழி, அவளுக்குக்கூடப் படித்துக் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேடைமேல் நோட்டை வைத்து நின்றபடி எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

நாளைக் காலை பத்து மணிக்கு எனக்கு விடுதிப் பள்ளியில் இன்டர்வியூ. ஆமாம், நீ படித்த அதே பள்ளிதான். நீ பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனதிலிருந்து அந்தப் பள்ளியின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற அப்பாதான் விண்ணப்பமும் வாங்கி வந்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு இலவச இடம்தான் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அதனால் உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது என்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மை காய்வதற்காக அந்தக் கட்டத்தின்மேல் ஊதினார், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நூலகத்துப் பழைய வார இதழ்களில் இன்டர்வியூ வருகிற கதைகளாகத் தேடிப் படித்தேன். பதினோரு கதை கிடைத்தது, ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. வழியில் விழுந்து கிடக்கும் பெரியவரை ஒருவன் தூக்கிவிடுவான், உள்ளே போனால் நடு நாற்காலியில் அவரே உட்கார்ந்திருப்பார். ஆறு கதையில் இதேதான், அந்தப் பெரியவருக்கு வேறு வேலையே இல்லையா, வாரம் தவறாமல் விழுகிறார். மற்றதில் கேட்பவர் மடக்கிக் கேட்பார், இவன் அதைவிட மடக்கிப் பதில் சொல்வான், எல்லோரும் சிரித்துக்கொண்டே வேலை கொடுத்துவிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று சாதாரணமாகக் கேட்டால் என்ன செய்வது என்று எதிலும் இல்லை. அதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல வழியே கிடையாது அக்கா, உண்மையைச் சொல்லலாம் அல்லது பொய் சொல்லலாம், அவ்வளவுதான். பெஞ்சில் காத்திருந்த மற்றவர்கள் அன்றைக்குச் சாயங்காலம் என்ன ஆனார்கள் என்றும் யாரும் எழுதுவதில்லை. ஒரே ஒரு கதையில் வேலை கிடைக்காதவன் திரும்பி வருகிறான், அவன் பஸ்ஸில் ஏறியதும் கதை முடிந்துவிட்டது. எனக்கு அதற்கப்புறம்தான் வேண்டியிருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எதையும் பழக்கித்தான் விடுவார், உனக்குத் தெரியுமே. டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் கடைசி ஆள் ஓட்டிப் பழகிவிட்டுப் போனதும் காரை வாசலில் நிறுத்தி என்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைக்கிறார், அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இன்டர்வியூ எடுக்கிற அதிகாரி ஆகிவிடுகிறார். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, "வணக்கம், உக்காருங்க" என்கிறார். என்னை நீங்க, வாங்க என்றுதான் கேட்பார். நான் தப்பாகப் பதில் சொன்னால் அவர் கால் தன்னால், சொல்லிக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் வைத்திருக்கிற பிரேக்கை மிதிக்கும், நிற்கிற காரில். முதல் நாள் கூடப் பிறந்தவங்க யாராவது உண்டா என்று கேட்டார், நான் பழக்கதோஷத்தில் ஒரு அக்கா என்றுவிட்டேன். பிரேக் கட்டை தரையில் போய் இடித்தது. வெளியே பார்த்தபடி, "ஒத்தப் பிள்ளைன்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து தினமும் ஒத்தைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல வீடும் அப்படியே ஆகிக்கொண்டு வருகிறது, உன் கட்டிலில் இப்போது ஓட்டப் பழக வருபவர்களின் விண்ணப்பப் பாரங்கள்தான் கிடக்கின்றன. தினமும் காரில் இருக்கிற அந்த இருபது நிமிஷம்தான் அப்பா என்னோடு பேசுகிறார் அக்கா. உள்ளே வந்துவிட்டால் சாப்பிட்டியா, விளக்கை அணை, அதோடு சரி. நாளையோடு அந்தக் கேள்விகளும் தீர்ந்துவிடும். இடம் கிடைத்தால் நானும் போய்விடுவேன், அப்புறம் அவர் யாரை உட்காரச் சொல்வார்?

இன்று சாயங்காலம் கடைசியாக, "நீங்க ஏதாவது கேக்கணுமா" என்றார், அதிகாரிகள் அப்படிக் கேட்பார்களாம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டுவிட்டேன். பிரேக்கை மிதிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மிதிக்கவில்லை. "ரெண்டு" என்றார். உடனே இறங்கிப்போய், நன்றாக இருந்த டயரை உதைத்து உதைத்துப் பார்த்தார். உள்ளே வந்ததும், அதெல்லாம் அங்கே பேசக்கூடாது, சொல்லிக்கொடுத்ததைச் சொல் என்றார்.

நாளைக்கு ஒருதடவை இல்லை என்று சொன்னால் அந்தப் பள்ளியில் இருக்கிற ஐந்து வருஷமும் சொல்லவேண்டும். நீ விடுதி வாசலுக்கு வந்து நின்றாலும் யாரோ என்று சொல்லவேண்டும். அதனால் அக்கா இருக்கிறாள் என்றுதான் சொல்லப்போகிறேன். இடம் போகும், அப்பாவின் கையெழுத்தும் பொய் என்று ஆகிவிடும், அவர் முன்னால் வைத்தே சொல்லவேண்டியிருக்கும். நான் செய்வது சரியா என்று உன்னைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன், உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், பரவாயில்லை. அப்பாவே ரெண்டு என்று சொன்னார், அதை நீ தெரிந்துகொண்டால் போதும். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இப்படிக்கு உன் கூடப் பிறந்த

கதவைத் தட்டுகிறார்