குறடால் நெரித்த கரண்டி

அம்மா,

இன்று காலை ஆரணி தேத்தண்ணிக்குச் சீனி அள்ளக் கரண்டி தேடினாள். கைக்கு அகப்பட்டது, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த உங்களுடைய கரண்டி. நுனியை இரண்டு பக்கமும் குறடால் நெரித்து, கிண்டியின் மூக்குப் போல நீங்கள் ஒடுக்கி வைத்த அதே கரண்டி. சீனி அதில் நிற்கவில்லை.

"இதென்னம்மா, ஆர் இதை நெளிச்சது?"

"அம்மம்மா."

"ஏன்?"

"உனக்குப் பால் பருக்க."

பதினொரு வயதுப் பிள்ளை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான்தான் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களுக்காக நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை. ஏன் என்று உங்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் திறந்து கிடந்தது. மார்பில் பிடித்தால் அவளால் உறிஞ்ச முடியவில்லை. கிண்ணத்தால் கொடுத்த பால் மூக்கால் வந்தது. இவர் யன்னலைப் பார்த்தபடி நின்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் படுத்துக் கிடந்தேன், அதை நான் மறைக்கவில்லை. அந்த அறையில் திகைக்காத ஆள் நீங்கள் ஒருவர்தான். வெளியே போனீர்கள். யாரிடமோ குறடு வாங்கி இந்தக் கரண்டியை நெரித்துக்கொண்டு வந்தீர்கள். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியைக் கடைவாயோரம் வைத்து, ஒரு சொட்டு, பிறகு பொறுத்து இன்னொரு சொட்டு. அவள் விழுங்கினாள்.

தாதி வியந்துபோய்க் கேட்டாள், "அம்மா, உங்களுக்கு உது முந்தியே தெரியுமோ?"

"ஆட்டுக்குட்டியளுக்குப் பருக்கின பழக்கம், பிள்ளை."

எங்கள் சண்டிலிப்பாய் வளவில் ஆடு நின்றதே இல்லை. மாடும் வெங்காயமும் புகையிலையும்தான். அது எனக்கு அன்றைக்கு நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு தரமும் தவறாமல். ஒருநாள் மத்தியானம் நீங்கள் குளித்துக்கொண்டிருக்க, அவளை மடியில் கிடத்தியபடி நான் கரண்டியைக் கொண்டு போனேன். ஈரச் சேலையோடு ஓடிவந்து என் மணிக்கட்டில் அடித்தீர்கள். பால் பாயெல்லாம் சிந்தியது.

"படுக்க வைச்சுப் பருக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? பிள்ளையைச் சாகடிக்கப் போறியோ?"

உங்கள் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

பிறகு முப்பத்தோராம் நாள் வந்தது. துடக்குக் கழிவு, ஐயர், பெயர் வைப்பு, வீடு நிறையச் சனம். நீங்கள் ஆரணியின் முகத்தை ஒரு மெல்லிய துணியால் மூடி, "சளி, காத்துப் படக்கூடாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள். அரியாலையிலிருந்து மாமி, இவருடைய அம்மா, பஞ்சாயுதச் சங்கிலியோடு வந்தார். வந்தவுடனே துணியை எடுத்தார். சங்கிலியைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டு, குனிந்து அந்தப் பிளவிலேயே கொஞ்சினார். அதுவரை அந்த இடத்தில் நான்கூடக் கொஞ்சியதில்லை.

அப்போது பக்கத்து வளவுக்காரி ஒருத்தி, உது பரம்பரையாலும் வருமாமே, என்று இழுத்தாள். நீங்கள் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"எங்கடை பக்கத்திலை உப்பிடி ஒண்டும் இல்லை. அவையின்ரை பக்கத்தைத்தான் விசாரிக்கவேணும்."

முழு வீடும் கேட்டது. மாமி தலையை நிமிர்த்தவில்லை. "இருந்தாலும் இருக்கும். நான் கேட்டுப் பாக்கிறன்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? பிறகு ஒரு சண்டையில் இவரிடமே, "உங்கடை பக்கத்தாலை வந்த வினை" என்றும் சொன்னேன். கிளினிக்கில் டொக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோது, நான் யோசிக்க முந்தியே நீங்கள் "இல்லை" என்றீர்கள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மாமி சொன்னபடியே விசாரித்தார். அதுதான் கொடுமை. அரியாலையில் சொந்தக்காரர் வீடு வீடாகப் போனார். படுக்கையில் கிடந்த கிழவிகளைத் தட்டி எழுப்பிக் கேட்டார். கனடாவில் இருக்கும் தமையனுக்குப் போன் எடுத்தார். ஒரு வருடமாகத் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. அப்படியென்றால் தான் செய்த பாவம்தான் என்று தானே தீர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும்வரை தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடிக்கத் தொடங்கினார். சீனி வருத்தக்காரி, பசி கிடக்கக்கூடாத உடம்பு. ஒரு தரம் கோயில் வீதியில் மயங்கி விழுந்தார். நான் வந்து உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் மரக்கறி அரிந்துகொண்டிருந்தீர்கள்.

"பிடிக்கட்டும்" என்றீர்கள்.



நாலாம் மாதம் உதட்டுக்கு ஒப்பரேசன், ஒரு வயது கழிந்து அண்ணத்துக்கு. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி. கண்ணாடிக்கு முன்னால் அவளை இருத்தி, கடதாசித் துண்டுகளை வாயால் ஊதவைத்து, 'ப'வும் 'க'வும் மூக்கால் போகாமல் வரும்வரை சலிக்காமல் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். அதே நீங்கள்தான் வாசலில் ஆள் வந்தால் "உள்ளை போ பிள்ளை" என்பீர்கள். உங்கள் கையில் நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் வாயில்தான்.

உங்கள் அந்தியேட்டிக் கிரியை அன்று, கீரிமலைக் கடலில் முழுகி வந்து சனமெல்லாம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உங்கள் தமக்கை, பெரியம்மா, என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். ஆரணி கொய்யா மரத்தடியில் நின்றாள்.

"கொம்மா, என்ரை தங்கச்சி, போய்ச் சேந்திட்டாள். இனிச் சொல்லுறதிலை பிழையில்லை" என்றார். "எங்களுக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தவன். இவளைப் போலத்தான், சொண்டு பிளந்து. அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். கொம்மாதான் கரண்டியாலை பருக்கிறவள். அவளுக்கு அப்ப எட்டு வயசு. ஒருநாள் மடியிலை படுக்க வைச்சுப் பருக்கியிருக்கிறாள். புரைக்கேறிப் போட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன. அவளின்ரை மடியிலையே செத்துப் போச்சு. இருபத்தாறாம் நாள். அப்பிடியொரு பிள்ளை பிறக்கவே இல்லை எண்டு வீட்டிலை முடிச்சுக்கொண்டினம். ஆரணி பிறந்த கிழமை கொம்மா வந்து என்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவள்."

அம்மா, அந்த எட்டு வயதுப் பிள்ளையை நான் மடியில் தூக்கி வைத்திருப்பேன். நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால், உங்கள் காலடியில் இருந்து விடிய விடிய அழுதிருப்பேன். நீங்கள் ஏன் நடுங்கினீர்கள் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. உங்களுக்குச் சுமக்க முடியாததை எடுத்து, ஒன்றும் அறியாத ஒரு மனுசியின் தலையில் வைத்தீர்கள். ஒன்பது வருடத்துக்கு மேல் அவர் பசி கிடப்பதைப் பார்த்துக்கொண்டும் இருந்தீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரியாலைக்குப் போனேன். மாமி பூப் பறித்துவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நான் இவரிடம் சொன்ன அந்தச் சொல்லையும் சேர்த்து. கேட்டுவிட்டு மடியில் இருந்த பூத்தட்டைக் கீழே வைத்தார்.

"பாவம் கொம்மா. எட்டு வயசிலை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஒரு வசவாவது சொல்லியிருக்கலாம். குசினிக்குப் போய்ச் சோறு போட்டு, பருப்பும் கத்தரிக்காயும் வைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"இனியாவது சாப்பிடுங்கோ மாமி. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். அது உள்ளே இறங்கவில்லை.

"பழகிப்போச்சு, பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை இப்ப வயிறு கேக்கிறேல்லை."

கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி வைத்தார்.

போன கிழமை ஆரணியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல் ஈறில் எலும்பு வைக்க வேண்டுமாம். புது டொக்டர் பழைய கொப்பியைப் புரட்டி, "குடும்பத்திலை ஒருத்தருக்கும் இல்லை, என்ன?" என்றார். "அதை வெட்டிப்போட்டு எழுதுங்கோ. என்ரை அம்மாவின்ரை தம்பிக்கு இருந்தது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது கேட்டாள்.

"அவருக்கு என்ன பேர்?"

"வைக்கேல்லை. முப்பத்தோராம் நாளுக்கு முந்திச் செத்துப் போனார்."

"எனக்கு என்ன முறை?"

"தாத்தா முறை."

"குழந்தைப்பிள்ளைத் தாத்தாவோ?" என்று சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். உதட்டுத் தழும்பு இழுபட்டது. அவள் அதைக் கையால் மறைக்கவில்லை.

கரண்டியைத் திரும்ப அடித்தட்டில் வைத்துவிட்டேன். எறிய மாட்டேன். என் பிள்ளை அதனால்தான் உயிரோடு இருக்கிறாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் அரியாலைக்குப் போவேன், ஒவ்வொரு வெள்ளியும் போகிறேன். சோறு போட்டு முன்னால் வைப்பேன். மாமி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்.